நகம் பார்த்த பிரேக்

சேலையை மடிக்கும் முன் இழை பிசகியிருக்கிறதா என்று நகத்தை ஓட்டிப் பார்ப்பது பூங்காவனத்தின் வேலை. அவள் சரியென்ற சேலையை ஆரணியில் எந்தக் கடையும் திருப்பியதில்லை.

தம்பி சிவகுமார் மறுநாள் தன் வாடகைக் காரில் ஜவ்வாது மலைக்குச் சவாரி போகவேண்டும். பிரேக் பேடோடு, அது அழுத்திப் பிடிக்கும் டிஸ்க் தட்டுகளையும் மாற்ற ஒன்பதாயிரம் என்றார் மெக்கானிக் மணவாளன். வேறு இரண்டு பட்டறைகளில் விசாரித்தாள், விலை சரிதான். ஆனால் டிஸ்க் தேவைதானா?

"பேடு தேஞ்சிடுச்சி, சரி. டிஸ்க்கு எதுக்குங்க?"

"நீங்களே தொட்டுப் பாருங்கக்கா."

"அது சேலை இல்லக்கா," என்று சிரித்தான் தம்பி.

"நீ சும்மா இருடா."

மணவாளன் நீட்டிய புது டிஸ்க்கில் நகம் வழுக்கியது. கழற்றி வைத்திருந்த பழைய இரண்டிலும் வரிவரியாகச் சிக்கியது. மலை இறக்கத்தை நினைத்துக்கொண்டாள்.

"மாத்துங்க. கழட்டின பழசை டிக்கியில வச்சிடுங்க, நாங்களே எடுத்துட்டுப் போறோம்."