கருப்பண்ண முதலியாரின் கல்லறை விசாரணை

மழை பிடித்துக்கொண்டால் சேலம் அம்மாபேட்டைத் தறிக்காரர்கள் எல்லாரும் வானத்தைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். கருப்பண்ண முதலியார் மட்டும் குடையைத் தேடிக்கொண்டிருப்பார். பாவு நூலுக்குக் கஞ்சி போட்டால் காயாது, தறிக்குழியில் ஈரம் ஊறும், வேலைக்கு வழியில்லை. "மழை நாளு நமக்கு ஞாயித்துக்கெழமைங்க" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டாரென்றால், எந்தத் திசையில் போகப்போகிறார் என்பது அவருக்கே தெரியாது.

ஊர் சுற்றுகிறவர் என்றதும் வெட்டிப்பொழுது போக்குகிறவர் என்று நினைத்துவிடக் கூடாது. அவருக்கு எதையும் விசாரித்தாக வேண்டும். மாம்பழ வண்டி முதலில் எந்தத் தெருவில் நுழைகிறது, செவ்வாய்ப்பேட்டை மண்டியில் புது வெல்லம் எப்போது மணக்கத் தொடங்குகிறது, சேர்வராயன் மலையில் மேகம் எதுவரை இறங்கினால் திருமணிமுத்தாற்றில் தண்ணீர் வரும், எல்லாம் தெரிய வேண்டும். மேட்டூரில் அணை வந்த பிறகு ஆடிப்பெருக்கு எப்படியிருக்கிறது என்று பவானி வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். குகைப் பகுதியில் ஒரு சந்துக்கு அதன் பெயர் எப்படி வந்தது என்று கேட்கப் போய், வீட்டுக்கு வீடு மோர் குடித்துவிட்டு, வீட்டுக்கொரு கதையோடு திரும்பினார். எல்லாவற்றையும் நம்புகிறார்.

ஆனால் அவர் மனசு நிலைகொள்வது ஊருக்கு வடக்கே, வெள்ளைக்காரர்களின் பழைய கல்லறைத் தோட்டத்தில்தான். கும்பினிக் காலத்துக் கற்கள். முதலியாருக்கு இங்கிலீஷில் ஓர் எழுத்துத் தெரியாது. சர்ச் உபதேசியாரைப் பிடித்து வாசிக்கச் சொல்வார். செத்தவர் பெயர் மட்டும் அவருக்குப் போதாது. என்ன வயசு, எந்த மாசம், கூட யார் இருந்தார்கள் என்று துருவுவார். "முக்காவாசிப் பேரு சித்திரை வைகாசியிலதான் போயிருக்காங்க, பாருங்க. நம்மூரு வெயிலுக்கு தொரையுந் தெரியாது, தொரைசாணியுந் தெரியாது." இவர் தலையைக் கண்டால் உபதேசியார் சில நாள் கதவைச் சாத்திக்கொள்கிறார் என்று கேள்வி.

வீட்டுக்காரி ஜானகியம்மாளுக்கு இது தீராத தலைவலி. வெள்ளைக்காரன் கல்லறையானாலும் தீட்டு தீட்டுத்தான் என்பது அவள் கட்சி. அங்கே போனவர் பின்சந்து வழியாகக் கொல்லைக்கு வந்து, தலை முழுகி, ஈர வேட்டியோடுதான் உள்ளே நுழைய வேண்டும். அதுவரை தறிப்பக்கம் போகக் கூடாது. இதில் முதலியார் ஒருநாளும் தகராறு செய்ததில்லை.

போன ஐப்பசியில் இதுவே வினையாக முடியப் பார்த்தது. மகள் ராஜம்மாளைத் தங்கள் மகனுக்குப் பெண் பார்க்க ராசிபுரத்திலிருந்து நாச்சிமுத்து முதலியாரும் அவர் சம்சாரம் சௌந்திரமும் சாயங்காலம் வருவதாக ஏற்பாடு. ஏற்கெனவே வந்த இடங்கள் தட்டிப்போய், ஜானகியம்மாள் கோயில் கோயிலாக வேண்டிக்கொண்டிருந்த சமயம். அன்று காலையில் தூறல். கல்லறைத் தோட்டத்து மதில் சரிந்து, புதருக்குள் கிடந்த கல் ஒன்று வெளியே தெரிகிறது என்று பால்காரி சொல்லிவிட்டாள். அதற்குமேல் மனுஷர் வீட்டில் தங்குவாரா? "ஒரு எட்டுப் பாத்துப்போட்டு வந்தர்றேன்" என்று கிளம்பிவிட்டார்.

விருந்தாளிகள் மத்தியான பஸ்ஸிலேயே வந்து இறங்கினார்கள். அதற்குள் வானம் வெளுத்து நல்ல வெயில். பாயில் உட்கார்ந்து தண்ணீர்ச் செம்பைக் கையில் எடுக்கும்போது, கொல்லையில் யாரோ குடம் குடமாகத் தலையில் ஊற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டது. "எதையும் தொட்டுறாதீங்க" என்று ஜானகியம்மாள் மெதுவாகச் சொன்னதாகத்தான் நினைத்தாள். மாற்று வேட்டி உள்ளறைக் கொடியில் கிடந்தது. அதற்குக் கூடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். சொட்டச் சொட்ட வந்து நின்று பெண்ணின் தகப்பனார் கும்பிட்டார்.

இந்தக் கோலத்துக்கு நம் பக்கத்தில் ஒரே அர்த்தம்தான். நாச்சிமுத்து முதலியார் தண்ணீரைக் குடிக்காமலே செம்பைக் கீழே வைத்தார். இருவரும் எழுந்தார்கள். துக்க வீட்டில் 'போய் வருகிறோம்' என்று சொல்லக் கூடாது என்பதால், வாயைத் திறக்காமல் வாசலைப் பார்த்து நடந்தார்கள். கதவுக்குப் பின்னால் ராஜம்மாளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

வாசற்படியில் நின்று நாச்சிமுத்து மரியாதைக்குக் கேட்டார்: "ஏனுங்க, ஆருங்க தவறுனது?"

பங்காளி வீட்டுக் கிழவர் ஒருவரைச் சொல்லியிருந்தால் காரியம் தள்ளிப்போயிருக்குமே தவிரக் கெட்டுப்போயிருக்காது. ஜானகியம்மாள் கண்ணாலேயே கெஞ்சினாள். உயிரோடிருப்பவரைச் சாகடிக்க முதலியாருக்கு நாக்கு எழவில்லை.

"அவங்க தவறி நூறு வருசத்துக்கு மேல ஆச்சுங்க."

பிறகு கல்லறைக்குப் போனது, உபதேசியார் கல்லை வாசித்துச் சொன்னது எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். "பத்தொம்பது வயசுப் பொண்ணுங்க. கப்பலேறி வந்து கண்ணாலம் பண்ணி, வருசம் முடியறதுக்குள்ள போயிருச்சு. அந்தக் கல்லை அதோட அப்பன் சீமையிலிருந்தே அடிச்சு அனுப்பிச்சிருக்கான். வந்து ஒருவாட்டி பாத்திருக்கக்கூட மாட்டான். நானும் பொண்ணைக் குடுக்கப் போறவன், பாத்துப்போட்டு அப்படியே நின்னுட்டேன். தப்புத்தானுங்க." மகள் வாழ்க்கையில் தானே மண் அள்ளிப் போட்டுவிட்டோம் என்று அப்போதுதான் உறைத்தது.

சௌந்திரம்தான் முதலில் பேசினாள். "அந்தப் புள்ளைக்கு ஆத்தா இருந்தாளாமா?"

"நானும் அதைத்தான் கேட்டேனுங்க. கல்லுல போடலையாம்."

அவள் கண் கதவுக்குப் பின்னால் நின்ற ராஜம்மாளிடம் போனது. பிறகு உள்ளே திரும்பி வந்து பாயில் உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்த பிறகு நாச்சிமுத்து வாசலில் நின்று என்ன செய்வார்? ராஜம்மாள் வந்து கும்பிட்டாள். விளக்கு வைப்பதற்குள் வெற்றிலை பாக்கு மாற்றியாகிவிட்டது.

சௌந்திரம் ஒன்றே ஒன்றுதான் கண்டிப்பாகச் சொன்னாள்: "சம்மந்தி எங்கூருக்கு வந்தா நேரா ஊட்டுக்குத்தான் வரோணும். சுடுகாடு இடுகாடுன்னு பூந்துட்டு வரக்கூடாது." கருப்பண்ண முதலியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

பஸ் ஏற்றிவிடப் போகும்போது சௌந்திரம் முன்னால் நடந்தாள். முதலியார் புதுச் சம்பந்தியின் காதோரம் குனிந்தார். "ஏனுங்க, ராசிபுரத்துப் பக்கம் இந்த மாதிரிப் பழைய கல்லறை ஏதாச்சும் இருக்குதுங்களா?"

நாச்சிமுத்து முதலியார், முன்னே போகும் மனைவியின் முதுகை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். பிறகு கையை மேல்துண்டு மறைவில் வைத்து, மூன்று விரலை நீட்டிக் காட்டினார்.