ஸ்டீயரிங்கும் தையற்காரர் கையும்

அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட அந்தத் தெருவில் ஆளில்லை. எல்லாருக்கும் அவள் பிரேக்கக்காதான். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் இருப்பது ஒரே கார், அதற்கு ஒரே ஆசிரியை அவள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்தபடி, தன் காலடியில் இருக்கும் தனி பிரேக்கை மிதித்து எத்தனையோ மதில் சுவர்களையும் ஒரு பால்காரரையும் காப்பாற்றியிருக்கிறாள். ஆனால் ஊருக்கெல்லாம் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவள் ஸ்டீயரிங்கைத் தொட்டே பல வருஷமாயிற்று. அவள் வந்து போவதெல்லாம் ஸ்கூட்டரில்.

கொஞ்ச நாளாக ஸ்டீயரிங் நடுங்குகிறது என்று பழக வந்தவர்கள் முணுமுணுத்தார்கள். பிரேக்கக்கா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"ஸ்டீயரிங் ஒண்ணும் நடுங்கல, உங்க கைதான் நடுங்குது. மொதல்ல பயத்த விடுங்க" என்று ஒரே போடாகப் போட்டாள். வங்கி அதிகாரி ஒருவர் அதை நம்பிக் காப்பியையே விட்டுவிட்டார். நடுக்கம் போகவில்லை. வீட்டில் எல்லார் மேலும் எரிந்து விழுந்ததுதான் மிச்சம்.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. பழக வந்தவர்களில் அவள் கணவரும் ஒருவர். கடைத்தெருவில் தையற்காரர். அவருக்கும் அதே திட்டு, கட்டிய உரிமையில் கொஞ்சம் கூடுதலாக: "கை என்ன ஆட்டம் ஆடுது பாருங்க! வயசாகுதுல்ல!"

அடுத்த வாரம் சாப்பாடு கொண்டுபோனவள், கடையில் துணி மலைபோல் குவிந்து கிடப்பதைப் பார்த்தாள். சாக்குக்கட்டியால் கோடு போட்ட துணி மேசைமேல் விரித்தபடி இருந்தது. கத்தரி ஆணியில் தொங்கியது.

"ஏன் இன்னும் வெட்டல?"

"கை நடுங்குதுன்னு நீதானே சொன்ன? அடுத்தவங்க துணிய நாசமாக்கிட்டா என்ன பண்றது? கடைய யாருக்காவது விட்டுடலாம்னு பாக்குறேன்."

பிரேக்கக்கா அன்றைக்கே கணவரை ஓட்டச் சொல்லி, காரோடு தன் தம்பியின் மெக்கானிக் ஷெட்டுக்குப் போனாள். கோளாறு காரில்தான் இருக்க வேண்டுமே என்று வழியெல்லாம் மனசுக்குள் கெஞ்சிக்கொண்டே போனாள்.

தம்பி விஷயத்தைக் கேட்டான். "சக்கரத்துல குறைன்னா வேகம் கூடக்கூட ஆடும். பிரேக் பிடிக்கும்போது மட்டும் ஆடினா, சக்கரத்தோட சுத்துற பிரேக் தட்டு, அந்த டிஸ்க், சூடேறி வளைஞ்சிருக்கும். வாங்க, ஓட்டிப் பாத்துடுவோம்" என்று பின்சீட்டில் ஏறிக்கொண்டான்.

கடைத்தெரு திரும்பியதும் ஸ்டீயரிங் ஆடத் தொடங்கியது.

"மாமா, பிரேக்லேருந்து கால எடுங்க."

"நான் மிதிக்கவே இல்லையே மாப்பிள!"

தம்பி இரண்டு சீட்டுக்கும் நடுவே தலையை நுழைத்துக் கீழே எட்டிப் பார்த்தான். மாமாவின் கால் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது. அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு, தன் பிரேக்மேல் பாதத்தைச் சுகமாகச் சாய்த்து வைத்திருந்தாள்.

"அக்கா, உன் கால எடு."

"எந்தக் கால?" என்று கேட்டுவிட்டு மற்றக் காலைத் தூக்கினாள்.

"அய்யோ, அது இல்ல. இன்னொண்ணு!"

எடுத்தாள். ஸ்டீயரிங் சாதுவாக நின்றது. வைத்தாள். ஆடியது.

"டிஸ்க்க வளைச்சதும் நீதான், இப்ப ஆட்டுறதும் நீதான்" என்று தம்பி விழுந்து விழுந்து சிரித்தான்.

"இவங்கள நம்பிக் கால எடுக்க முடியுமா? எனக்கு உயிர் போயிடுமே!" என்று பொரிந்தாள் பிரேக்கக்கா. இத்தனை பேரைப் பயந்தாங்கொள்ளி என்று திட்டியதெல்லாம் அப்போதுதான் உறைத்தது. இனி ஆயுசு முழுக்கக் கணவர் சொல்லிக் காட்டப்போகிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

அவர் காரை நடுரோட்டில் அப்படியே நிறுத்தினார். இரண்டு கைகளையும் விரித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்போ என் கைக்கு ஒண்ணும் இல்லையா?"

பிரேக்கக்கா சண்டைக்குத் தயாராக வைத்திருந்த வார்த்தை ஒன்றும் உதவவில்லை. "ஒண்ணுமே இல்லங்க. எல்லாம் என் காலுதான். உங்க கை தங்கமான கை."

அவர் கதவைத் திறந்து இறங்கினார். பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்துத் தீர்த்தன. அவர் எதையும் கவனிக்காமல் எதிரே இருந்த தன் கடைக்குள் நுழைந்து ஆணியிலிருந்த கத்தரியை எடுத்தார்.

"என்னங்க! வண்டிய ஓரங்கட்டிட்டுப் போங்க!"

அவர் தலை நிமிரவில்லை. கத்தரி துணியில் சரசரவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"நீயே ஓட்டிட்டுப் போ! எனக்குத் தலைக்கு மேல வேல கெடக்கு."