மிளகாய் வறுத்த சனிக்கிழமை

கனடாவில், ஒஷாவாவில் என் கணவர் வேலை செய்த தொழிற்சாலை மூடப்பட்ட பிறகு, எட்டு மாதம் அவர் பேஸ்மென்ற் சோபாவிலேயே கிடந்தார். குளிக்கச் சொன்னால் குளிப்பார், சாப்பிடச் சொன்னால் சாப்பிடுவார். வாயைத் திறந்து கதைப்பது மட்டும் இல்லை. டொக்டர் தந்த குளிசையாலும் ஒன்றும் ஆகவில்லை. அப்படிப்பட்ட மனிதர் ஒருநாள் இணையத்தில் எதையோ பார்த்துவிட்டுப் பட்டுப்புழு முட்டை வாங்கினார். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

ஆனால் முட்டை பொரித்துப் புழு வந்த நாளிலிருந்து மனிதர் விடிய எழும்பத் தொடங்கினார். பின்வளவில் தானாக முளைத்து நின்ற மல்பெரி மரத்தில் இலை பறிப்பார். ஈர இலை புழுவுக்கு ஆகாது என்று ஒவ்வொன்றாகத் துடைப்பார். சாப்பாட்டு மேசையில் ஒரே ஜப்பான் கதைதான். அங்கே வீட்டின் மேல்மாடி முழுக்கப் புழுவுக்கு விட்டுவிட்டு, சனங்கள் மிச்ச மூலையில் படுத்தார்களாம். புழுவை மரியாதை வைத்துத்தான் கூப்பிடுவார்களாம்.

"எனக்கு அந்த மரியாதை இஞ்ச கிடைக்கேல்லையே," என்றேன். எட்டு மாதத்துக்குப் பிறகு சிரித்தார்.

கொதிநீரில் கூடுகளைப் போட்டு நூல் இழுத்த கிராமத்துப் பெண்பிள்ளைகள், இருமல் முற்றியதும் வீட்டுக்கு அனுப்பப்பட்டதைச் சொன்னார். பிறகு நைலோன் வந்தது. பட்டு வாங்க ஆளில்லாமல் மல்பெரித் தோட்டங்களைப் பிடுங்கி மரக்கறி நட்டார்கள். "வேலை போன சனம் என்ன செய்திருக்கும்?" என்று என்னையே கேட்டார். எனக்கென்ன தெரியும்?

இன்னொன்றும் சொன்னார். புழு வளர்க்கும் வீட்டில் புகை கூடாது, கார மணம் கூடாது. சுருட்டுப் பிடித்த கையால் இலை போடவும் விடமாட்டார்களாம்.

அந்தச் சனிக்கிழமை கறித்தூள் முடிந்திருந்தது. மேலே வறுத்தால் குளிர்கோட்டுகளில் எல்லாம் மணம் ஏறும். அதற்காகவே இங்கே பாதித் தமிழ் வீடுகளைப் போல நாங்களும் கீழே இன்னொரு அடுப்பு வைத்திருக்கிறோம். எங்கள் மரம் மொட்டையாகிவிட்டதால் அவர் ரயில் பாதைப் பக்கம் இலை பறிக்கப் போயிருந்தார். புழுக்கள் கூடு கட்ட இரண்டு மூன்று நாள்தான் இருந்தது. நான் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்த புழு அறைக் கதவைச் சாத்தி, இடுக்கில் துவாயை அடைத்துவிட்டு, ஒரு கிலோ செத்தல் மிளகாய் வறுத்தேன்.

மறந்துபோனேன் என்று பிறகு சொன்னேன். மறக்கவில்லை. துவாய் போதும் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், வேலையால் களைத்து வரும் என்னை ஒருநாளும் "சாப்பிட்டனீரோ" என்று கேட்காத மனிதர் புழுவுக்கு இலை துடைத்தது எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

அவர் இலைப் பையோடு வந்து படியில் நின்றார்.

"என்னப்பா செய்தனீர்?"

"கதவு சாத்தித்தானே கிடக்கு. ஒண்டும் ஆகாது," என்றேன், தும்மிக்கொண்டே.

திங்கட்கிழமை புழுக்கள் தலையைத் தூக்கி ஆட்டின, கபில நிறத்தில் நீர் கக்கின. செவ்வாய்க்கிழமை ஒன்றும் அசையவில்லை. புகையா, வேறு நோயா, எனக்கு இன்றும் தெரியாது. எதற்கெடுத்தாலும் இணையத்தில் தேடும் மனிதர் இதை மட்டும் தேடவில்லை. புழு வளர்த்த தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்தார்.

"திரும்ப முட்டை எடுப்பம்," என்றேன்.

"வேண்டாம். பரவாயில்லை." சோபாவுக்குப் போய்விட்டார்.

போன கிழமை கறித்தூள் மறுபடியும் முடிந்தது. கடையில் வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை. அவர் கிடக்கும் சோபாவுக்கு நேரே, எல்லாக் கதவுகளையும் அகலத் திறந்து வைத்து, வேண்டுமென்றே வறுத்தேன். ஏசட்டும், சட்டியைத் தூக்கி எறியட்டும் என்று காத்துக்கொண்டு நின்றேன். அவர் இருமினார். போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.