இண்டியானர் முகாமில் இரண்டு இந்தியர்கள்

ஜெர்மனியில் பழைய காலப் படைமுகாம்களும் போர் நடிப்பும் பார்க்கப் போவதாகச் சொல்லிச் சிலர் யோசனை கேட்டு எழுதியிருந்தீர்கள். என் முதல் முகாம் 1974, ஜூன் தொடக்கத்தில் வந்த பெந்தெகொஸ்தே விடுமுறை. ஆஹென் நகரில் ஆய்வு மாணவனாக இருந்தேன். பாளையங்கோட்டையிலிருந்து டிசம்பரில் வந்து சேர்ந்த என் மனைவி ஜெசிந்தா ஆறு மாதமாகச் சிரிக்கவே இல்லை. பேச ஆளில்லை, பாவம். "இந்த மாசத்துக்குள்ள எனக்கு ஊருக்கு டிக்கெட் போட்டுருங்க" என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். எனக்குக் கதி கலங்கியது.

அந்த வாரம் பல்கலைக்கழகச் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு விளம்பரம்: இண்டியானர் முகாம், பத்தொன்பதாம் நூற்றாண்டு வாழ்க்கை, போர்க்காட்சி. என் ஜெர்மன் அப்போதே பிரமாதம். அமெரிக்காக்காரன் அமெரிகானர் என்றால் இந்தியாக்காரன் இண்டியானர்தானே? ஆய்வகத்தில் என்னை 'இண்டர்' என்பார்களே என்று லேசாக இடித்தது. அது ஒருமை, இது பன்மை என்று நானே ஓர் இலக்கணம் வகுத்துக்கொண்டேன்.

"சிப்பாய்க் கலகம் போடுறாங்க ஜெசி! நம்ம ஆளுங்க குடும்பத்தோட வருவாங்க" என்றேன். அவள் பச்சைப் பட்டுச்சேலையை எடுத்தாள். பத்துப் பேருக்குக் காணும்படி புளிசாதமும் கட்டினாள்.

கொலோன் வரை ரயிலில் எழுபது கிலோமீட்டர். அங்கே வண்டி மாறி ஸீக் ஆற்றோரமாக இன்னொரு மணி நேரம், பிறகு மலைமேல் பஸ். (யூரோவுக்கு முந்தைய மார்க் காலத்து டிக்கெட் விலையைச் சொன்னால் உங்களுக்கு வயிற்றெரிச்சல்தான் மிஞ்சும், விடுங்கள்.) ஓட்டுநர் சேலையைப் பார்த்துவிட்டு, "இண்டியானர் முகாமுக்கா? நிச்சயமாகவா?" என்றார். "நாங்களே இண்டியானர்தான்!" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி. பஸ்ஸே சிரித்தது. நட்பான ஊர் என்று நினைத்துக்கொண்டேன்.

புல்வெளியில் கூம்புக் கூடாரங்கள். தலையில் இறகு, முகத்தில் சிவப்புச் சாயம், கறுப்பு டோப்பாவுக்குக் கீழே எட்டிப்பார்க்கும் பொன்னிற முடி.

"ஏங்க, இவங்கள்லாம் எந்த ஸ்டேட்டு?" என்றாள் ஜெசி.

இறகுக்காரர்களின் தலைவர் வந்து விளக்கினார். வார நாட்களில் ரொட்டிக்கடை நடத்துபவர். இண்டியானர் என்றால் அமெரிக்காவின் செவ்விந்தியர்களாம், நாங்கள் இண்டராம். "கொலம்பஸுக்கு அப்புறம் இந்தத் தப்பைச் செய்தது நீங்கள்தான்!" என்று முதுகில் தட்டினார். அதை மொழிபெயர்த்தேன். ஜெசி அப்படியே புல்லில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அவமானமாவது ஒன்றாவது! எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

மதியம் புளிசாதம் இறகுக்காரர்களிடம் காலியானது. பிறகு போர். அமெரிக்க ராணுவ வேடத்தில் நீலச் சட்டைச் சிப்பாய்கள் வெற்றுத் தோட்டா சுட்டபடி வந்தார்கள். நாங்கள் பார்வையாளர்களுக்காகக் கட்டிய கயிற்றுக்கு வெளியே நின்றோம்.

"ஏங்க, நாம எந்தப் பக்கம்?"

"வேடிக்கை பாக்குற பக்கம்."

"அதெப்படி? நாங்களே இண்டியானர்னு பஸ்ஸுல சொன்னீங்கல்ல?"

சுடுவது நின்றதும் ஜெசி கயிற்றைத் தாண்டிப் போய், கூடாரத்து வாசலில் ரொட்டிக்கடைக்காரரின் மனைவி பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். திட்டப்படி சிப்பாய்கள் கூடாரத்தைப் பிடித்தாக வேண்டும். நகரச் சொல்லித் தளபதி கத்தினார். "நைன்" என்றாள். இல்லை, முடியாது, போடா எல்லாம் அந்த ஒரு சொல்லில் இருந்தது. அந்நியர் ஒருவரிடம் அவள் பேசிய முதல் ஜெர்மன் அதுதான். கூட்டம் கைதட்டியது. நீலச் சட்டைகள் பின்வாங்கின.

அந்தக் கதைக்குச் சொந்தக்காரரான நிஜச் செவ்விந்தியர் ஒருவர்கூட அந்தப் புல்வெளியில் இல்லை. எனக்கு அது இன்றும் உறுத்தல்தான். நீங்களும் அதை மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள். மற்றபடி, புல் ஈரமாக இருக்கும், செருப்பு உதவாது. வெடிச்சத்தத்துக்குக் காதில் பஞ்சு வேண்டும். கடைசி பஸ்ஸை முதலிலேயே விசாரித்துவிடுங்கள். தெரியாத சொல்லுக்கு இலக்கணம் வகுக்காமல் யாரிடமாவது கேளுங்கள்.

திரும்பும் ரயிலில் அவள் சேலையெல்லாம் புகை வாசனை.

"டிக்கெட் போட்டாச்சா?" என்றாள்.

"இன்னும் இல்ல ஜெசி" என்று இழுத்தேன்.

"போட்டுருங்க. அடுத்த வருஷத்துக்கு, ரெண்டு பேருக்கும், இதே எடத்துக்கு. நாம இல்லாத நேரம் பாத்து அந்த நீலச் சட்டக்காரனுங்க கூடாரத்தப் பிடிச்சிருவானுங்க."