எதிரே மலை இல்லாத கடல்

இந்தக் கரையில் பாறை மூச்சு விடுகிறது. ஓமானில் ஸலாலாவுக்கு மேற்கே, மலை கடலில் இறங்கும் இடத்தில் பாறைத் தரையில் சில ஓட்டைகள். அடியில் அலை மோதினால் தண்ணீர் அவற்றின் வழியே தென்னை உயரத்துக்குச் சீறி எழும். கரீஃப் என்று இங்கே சொல்லும் சாரல் மாதங்களில் மணலெங்கும் மூடுபனி. அதற்குள் ஒட்டகங்கள் நிற்கும். வாழைத் தோட்டத்தில் எனக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. வெள்ளிதோறும் ஏதாவது ஒரு புதுக் கரைக்குப் போய், அதைக் கைப்பேசியில் என் மனைவி ராசம்மாளுக்குக் காட்டுவேன். கொல்லிமலையில் பிறந்த அவள் கடல் பார்த்ததில்லை.

ஒட்டகத்தைக் கண்டு சிரித்தாள். கடலைக் கண்டதும் அவளுக்குச் சந்தேகம்தான் வந்தது.

"ஏனுங்க, எதுக்கால மலையே காணோம். கூப்புட்டா ஆருங்க பதில் குடுப்பாங்க?"

கொல்லிமலையின் வளப்பூர் நாட்டில் எங்கள் மரவள்ளிக் காடு ஒரு சரிவில், வீடு எதிர்ச் சரிவில். சோறு ஆனதும் அவள் அங்கிருந்து கூவுவாள். நான் திருப்பிக் கூவ வேண்டும். பதில் வராவிட்டால் ஏதோ ஆகிவிட்டது என்று ஆள் ஓடி வரும். கூச்சக்காரனான நான் வாய்விட்டுக் கத்தியது அந்தப் பதில் ஒன்றுதான். "ஊருக்கெல்லாம் ஊமை, எனக்குப் பதில் குடுக்க மட்டும் தொண்டை இருக்குதாக்கும்" என்று கேலி பேசுவாள்.

போன கரீஃபில் காய்ச்சல் கண்டு அவள் போய்விட்டாள். என்னைப் போல ஊரைவிட்டு வந்த உங்களில் பலருக்கும் சாவுச் செய்தி ஃபோனில்தான் வந்திருக்கும். எனக்கு அதுவும் தாமதமாக வந்தது; அன்று தோட்டத்தில் சிக்னல் இல்லை. "உங்களையேதான் கூப்புட்டுட்டு இருந்துச்சுங்கப்பா" என்று மகள் அழுதாள்.

இந்த ஆண்டு முதல் மூடுபனி வந்த வெள்ளியன்று அந்தப் பாறைக்குப் போனேன். எதிரே வெறும் வெள்ளை. அதற்குப் பின்னால் எங்கள் சரிவு இருப்பது போலவே இருந்தது. அடிவயிற்றிலிருந்து கூவினேன். மறுபடியும் கூவினேன்.

கரையேற்றிய படகருகே வலையைச் சரிசெய்துகொண்டிருந்த உள்ளூர் மீனவர் ஒருவர் கயிற்றுச் சுருளோடு ஓடி வந்தார். இந்த மாதங்களில் அலை ஆளை இழுத்துக்கொண்டு போய்விடும். யார் உள்ளே என்று அரைகுறை இந்தியில் கேட்டார். "பீவி" என்றேன், மனைவி என்று. அவர் தண்ணீரை நோக்கி ஓடினார். நான் பாய்ந்து அவர் கையைப் பிடித்தேன். கடலில் இல்லை, இந்தியாவில் என்றேன். பிறகு எனக்குத் தெரிந்த அரபிச் சொல்லில், "மௌத்." இறந்துவிட்டாள்.

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கயிற்றைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் நின்றார். பனியின் பக்கம் தலையைச் சாய்த்து, நெடுநேரம் காது கொடுத்துக் கேட்டார்.

இப்போதும் வெள்ளிதோறும் போகிறேன். பனி இருக்கும்வரை எதிரே மலை இருக்கிறது. கரீஃப் முடிந்துவிட்டால் அங்கே கடல்தான்.