முதல் செடியைத் தொடக் கூடாதென்று தடுக்கப்பட்ட என் அத்தை

அத்தையின் பதினாறாம் நாளில் இந்த நினைவு மலரை வாங்கிக்கொள்ளும் உறவினர்களுக்கு வணக்கம். அவர் 'குறையில்லாமல் வாழ்ந்தார்' என்று எழுதச் சொன்னார் பெரியப்பா. நான் எழுதவில்லை.

அத்தை சுங்குவார்சத்திரத்தை அடுத்த சிற்றூரில் பிறந்து, ஒரகடம் பக்கம் வாழ்க்கைப்பட்டவர். மூன்றாம் ஆண்டிலேயே கணவரை இழந்தார். புகுந்த வீட்டார் கழித்துவிட்டது போல ஒதுக்கிய முக்கால் காணி மேட்டு நிலத்தில் கிணறு வெட்டி வேர்க்கடலை போட்டார். தம்பி மகனான என்னைத் தம்மிடம் வைத்துக்கொண்டு ஸ்ரீபெரும்புதூரில் படிக்க வைத்தார். நம் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான்.

கோடை அறுவடை என்றால் அத்தைக்குக் கல்யாணக் களைதான். பச்சைக் கடலையை உடைத்து வெல்லத்தோடு மென்றுகொண்டே வேலை செய்வார். கழனியில் கால் வைத்தவர் யாராயினும் வயிறு நிறையத் தின்னலாம் என்பது அவர் வழக்கம். அதற்காகவே சலவைச் சட்டையில் பஸ் ஏறி வருவோர் நம்மில் உண்டு. அவர்கள் ஒரு செடியும் பிடுங்கியதில்லை. அவித்த கடலையைத் தின்று, வரப்பெல்லாம் தோலைத் துப்பி, பை நிறைய அள்ளிப் போவார்கள். பெயர் எழுதவில்லை, அவரவருக்குத் தெரியும்.

இந்தச் சித்திரையில், வற்றிய கிணற்றில் இருந்த தண்ணீர் முழுவதையும் இறைத்து, செவ்வாய் காலை மண்ணைப் பதமாக்கி வைத்தார் அத்தை. ஈரமிருந்தால்தான் செடி காயோடு வரும். அவர் குனிந்து முதல் செடியைப் பிடித்தபோது பெரியப்பா கத்தினார்.

"ஏய், கைய எடு! தாலி அறுத்தவ கை முதல்ல பட்டா வெளங்குமா? என் பொண்ணு வந்து புடுங்கட்டும்."

"அவ மெட்ராஸ்ல கீறாளேண்ணா?"

"வெள்ளிக்கெழம வருவா. மாப்ளைக்கு அன்னிக்கிதான் லீவு."

"மாப்ள லீவு போட்ற வரிக்கும் மண்ணு காயாம இருக்குமா?" என்றார் கூலிக்கு வந்திருந்த குப்பம்மாள்.

"நீ மூடிக்கினு போ!"

அத்தை செடியை விட்டுவிட்டார். அண்ணன் சொல்லைத் தட்டாதவர் என்று இன்று எல்லாரும் புகழ்கிறீர்களே, அந்தக் குணம்தான் அது. பிளஸ் டூ வரை படித்த நானும் வாய் திறக்காமல் நின்றேன். அந்த நாளில் பெரியப்பாவைவிடக் கேவலமானவன் நான்தான்.

வெள்ளியன்று அக்கா பட்டுப்புடவையில் வந்தார். மாப்பிள்ளை பூட்சைக் கழற்றாமல் வரப்பில் நின்றார். அக்கா இழுத்ததும் தண்டு பட்டென்று அறுந்து தழை மட்டும் கையில் வந்தது. காயெல்லாம் மண்ணுக்குள்.

"நல்ல நேரத்துல கை வச்சிட்டா!" என்று பெரியப்பா பூரித்தார்.

"தழைய ஆட்டுக்குப் போடு தாயீ, அதுனா துன்னட்டும்" என்றார் குப்பம்மாள்.

விருந்தினர் மாலை பஸ்ஸில் போய்விட்டார்கள். அத்தையும் குப்பம்மாளும் எட்டு நாள் களைக்கொத்தால் அந்தக் கட்டாந்தரையைக் கொத்தினார்கள். பாதிக் காய் வெட்டுப்பட்டது. அந்த எட்டு நாளும் அத்தை ஒரு கடலையைக்கூட வாயில் போடவில்லை.

ஐப்பசி மழையில் காய்ச்சலாகப் படுத்தார். கடைசி நாட்களில் ஒருமுறை சிரித்தார். "ஊரான் பேச்ச கேட்டாக்கூட மன்னிச்சிக்கலாம்டா. சொந்த அண்ணன் பேச்ச கேட்டு என் கழனிய நானே காய வுட்டேன் பாரு. என்னாட்டம் கேணச்சி எங்கனா கீறாளா?"

கஞ்சி காய்ச்சிக் கொடுத்து இரவும் பகலும் பக்கத்திலிருந்த குப்பம்மாளுக்கும், கொட்டும் மழையில் பாடை சுமந்த தெருக்காரர்களுக்கும் என் நன்றி. எட்டாம் நாள் படையலுக்கு வந்து சாப்பாட்டில் உப்பு போதவில்லை என்றவர்களுக்கு நன்றி சொல்ல எனக்கு மனமில்லை.

வரும் கோடையிலும் கடலை பிடுங்குவோம். வாருங்கள், வயிறு நிறையத் தின்னுங்கள். முதல் செடியில் குப்பம்மாள் கை வைப்பார். அவருக்கும் கணவர் இல்லை. உங்கள் மாப்பிள்ளைகளுக்கு என்றைக்கு லீவு என்று நான் கேட்கப் போவதில்லை.