அண்ணன் கட்டிய ஜாயின்டில் தண்ணீர் நிற்காது

சொந்தபந்தங்களுக்கும், அண்ணனுக்கு ஏணி பிடித்தவர்களுக்கும், அவர் போட்ட விளக்கின் கீழே ஒரு தடவையாவது நின்று பார்த்தவர்களுக்கும் வணக்கம்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் நடுவில் பேசுவதென்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அண்ணனின் மகன் சிவகாசியில் அச்சாபீசில் வேலை பார்க்கிறான். முதலாம் ஆண்டு நினைவு மலருக்கு நான்தான் எழுத வேண்டும் என்று வந்து நின்றான். "எனக்கு என்னய்யா தெரியும், படிச்சவுக யாராச்சும் எழுதட்டும்" என்றேன். "படிச்சவுகளுக்கு அந்தத் தண்ணிப் பாட்டில் கதை தெரியாதுல்ல அத்தை" என்றான். பாட்டில் கதை என்றதும் எனக்கே கை பரபரத்துவிட்டது. மூன்று நாளாக எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

அண்ணன் பிறந்தது விஸ்வநத்தத்தில். அய்யாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் கூலி வேலை செய்தார்கள். மழை இல்லாத வருஷம் வேலையும் இல்லை. வயது வந்ததும் அண்ணன் பட்டாசுக் கம்பெனிக்குப் போனார். பிறகு நானும் போனேன். ஒரே வேனில் போவோம், ஒரே வேனில் வருவோம். கூட்டத்தில் நான் நசுங்காமல் இருக்க அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு எனக்கு முன்னால் நின்றே வருவார். இரண்டு பேருக்கும் பேக்கிங் வேலை. ஈரம் பட்டால் வெடி நமுத்துவிடும். அதனால் காற்றுகூடப் புகாமல் பாலித்தீன் கவரைக் கட்ட வேண்டும். அண்ணன் கட்டிய கட்டை அவரே நினைத்தாலும் சீக்கிரம் அவிழ்க்க முடியாது. இதை ஏன் எழுதுகிறேன் என்றால், பின்னால் அவர் பட்ட பாட்டுக்கு இந்தக் கட்டுதான் காரணம்.

கோயில் கொடைக்குப் போனால் எல்லாரும் சாமியைப் பார்ப்பார்கள். அண்ணன் சீரியல் லைட்டைப் பார்ப்பார். பல்பு ஓடுவது எப்படி என்று கண்டுபிடிக்காமல் அவருக்குச் சோறு இறங்காது. கம்பெனி வேலையை விட்டுவிட்டு, திருத்தங்கலில் லைட் செட் வைத்திருந்த ஒருவரிடம் தொழில் படித்து, சொந்தமாகவும் வைத்தார். பலகையில் பல்புகளைச் சொருகி மயிலைத் தோகை விரிக்க வைப்பார். மானை ஓடவிடுவார். மான் ஓடும்போது அவர் கால் இங்கே தரையில் தட்டும். மதினியைக் கட்டியதும் திருத்தங்கலில்தான் குடியிருப்பு. என் வீட்டுக்காரர் காலமான பின்பு அண்ணன் என்னையும் அங்கேயே அழைத்துக்கொண்டார். அன்று முதல் "தாயி சாப்பிட்டுச்சா?" என்று மதினியிடம் என்னைக் கேட்காமல் அவர் இலையில் உட்கார்ந்தது கிடையாது.

இப்போது அந்தக் கதைக்கு வருகிறேன். ஆறு வருஷத்துக்கு முன்பு எங்கள் ஊர் அம்மனுக்குப் பங்குனிப் பொங்கல். கோயில் முகப்பில் இரும்பு வளைவு வைத்து அண்ணன் அம்புட்டு அழகாகச் சீரியல் போட்டிருந்தார். பொழுது சாய்கிற நேரம் எதிர்பாராமல் கோடை மழை பிடித்துக்கொண்டது. எங்களுக்கு அக்கா முறை வேண்டியவர் ஒருவர் தீச்சட்டி எடுத்து வந்தார். கால் வழுக்க, வளைவைப் பிடித்தார். வளைவில் கசிந்திருந்த கரண்ட், பிடித்தவரைத் தூக்கி எறிந்துவிட்டது. சட்டி சிதறிவிட்டது. உயிருக்கு ஒன்றுமில்லை, கை மட்டும் இரண்டு நாள் மரத்துக் கிடந்தது. விளக்கை எல்லாம் அணைத்து, பொங்கலைப் பாதியில் நிறுத்தினார்கள்.

ஊர்க்கூட்டத்தில், "இனிமே லைட்டே வேண்டாம், தீப்பந்தம் போதும்" என்றார்கள். அண்ணன் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். "அடுத்த பொங்கல் ஒண்ணு மட்டும் எனக்குக் குடுங்க. அதுலயும் ஒருத்தருக்குச் சுருக்குன்னு பட்டுச்சுன்னா, அன்னைக்கோட வயரைத் தொட மாட்டேன். அம்மன் மேல ஆணை" என்றார். அவர் வாக்கு மாறாதவர் என்று எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். மயிலும் மானும் இல்லாமல் அவர் எப்படி இருப்பார்?

முதலில் ஒரு டிரிப்பர் வாங்கினார். மின்சாரம் கொஞ்சம் கசிந்தாலும் தானாக விழுந்து லைனை அணைத்துவிடும். அடுத்து வயர் ஜாயின்டுகள். டேப்பைச் சுற்றி, அதன்மேல் பாலித்தீன், அதன்மேல் சைக்கிள் டியூப், இரண்டு பக்கமும் நூலால் இறுக்கிக் கட்டு. வெடி கட்டிய கை அல்லவா, அப்படித்தான் போகும். வேப்பமரத்தில் தொங்கவிட்டு மதினி ஒரு குடம் தண்ணீர் ஊற்றினார். கொஞ்ச நேரத்தில் 'டப்' என்று டிரிப்பர் விழுந்தது. இன்னொரு சுற்றுப் பாலித்தீன் போட்டார். மறுபடியும் 'டப்'.

"நீங்க சுத்துறதப் பாத்தா வயருக்கே மூச்சு முட்டுது" என்றார் மதினி.

"நீ தண்ணிய மட்டும் ஊத்து, வாய ஊத்தாத" என்றார் அண்ணன்.

பழைய கட்டுகளை அவிழ்க்கிற வேலை என்னுடையது. ஒன்றை அறுத்தேன். உள்ளேயிருந்து ஒரு கை தண்ணீர் கொட்டியது. உள்ளே விடக்கூடாதென்று கட்டிய கட்டு, உள்ளே வந்த தண்ணீரை வெளியே விடாமல் பத்திரமாக வைத்திருந்தது. வயர் வழியாகவே ஊர்ந்து வந்திருக்கிறது. எனக்குப் புரிந்துவிட்டது, ஆனால் சொல்ல வாய் வரவில்லை. தொழில்காரரிடம் நான் என்ன சொல்ல?

இரண்டு நாள் கழித்து மழை. துணி எடுக்க ஓடியவள் கொடிக்கயிற்றைப் பார்த்து நின்றுவிட்டேன். மழைத்துளி கயிற்றோடு ஓடிவந்து, கயிறு எங்கே தொய்ந்திருக்கிறதோ அங்கே சேர்ந்து சொட்டியது. அதைத் தாண்டி மேட்டுக்கு ஒரு துளியும் ஏறவில்லை. மதினியின் காதில் சொன்னேன்.

"நீயே போய்ச் சொல்லு, நான் என்ன தபால்காரியா?" என்றவர், அங்கிருந்தே சத்தம் போட்டார். "ஏங்க, ஒங்க தங்கச்சிக்கு என்னமோ தெரியுமாம், வாயத் தொறக்க மாட்டேங்குது."

அண்ணன் வந்தார். "சொல்லு தாயி."

நான் கயிற்றைக் கையால் காட்டினேன். அவர் மழையிலேயே நின்று பார்த்தார். தலையிலிருந்து தண்ணீர் வழிகிறது, துடைக்கவில்லை. பிறகு சொன்னார்: "ஏ தாயி, உள்ள வராத, உள்ள வராதன்னு நான் தண்ணிகூட மல்லுக்கட்டுனேன். வந்தது போறதுக்கு வழி விடலியே."

அன்றைக்கே எல்லாக் கட்டையும் அவிழ்த்தோம். ஜாயின்டை மேடாக வைத்து, இரண்டு பக்கமும் வயரைத் தொய்வாகத் தொங்கவிட்டோம். தண்ணீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும். டேப்பைக் கூரை வேய்கிற மாதிரி கீழிருந்து மேலே சுற்றினோம். மேலே மழை படாமல் இருக்க என்ன செய்வது என்று யோசித்தபோது, "கோழிக்குப் பஞ்சாரக் கூடை கவுத்துற மாதிரி ஒண்ணு வைங்க" என்றார் மதினி. தண்ணீர் பாட்டிலின் வாய்ப்பக்கத்தை அறுத்துவிட்டு, கவிழ்த்துக் கட்டினோம். அடி மேலே, திறப்பு கீழே. வயர் கீழிருந்தே ஏறும், கீழேயே இறங்கும். மதினி எட்டுக் குடம் ஊற்றினார். டிரிப்பர் அசையவில்லை. அறுபதைத் தாண்டிய மனிதர், துண்டை மேலே வீசி வீசிப் பிடித்தார்.

பொங்கல் வந்தது. இரும்பு வளைவை விட்டுவிட்டு இந்தத் தடவை சவுக்குக் கம்பில் வளைவு கட்டினார். மதியத்திலிருந்தே மேகம் கருக்கிறது. ஊரே ஒரு கண்ணை வானத்திலும் ஒரு கண்ணை அண்ணன் மேலும் வைத்திருந்தது. விளக்குப் போட்ட சற்று நேரத்தில் கொட்ட ஆரம்பித்தது. கூட்டம் வளைவை விட்டு விலகியது. ஊர்ப் பெரியவர் ஓடிவந்து, "அணைச்சிருவமாப்பா?" என்றார். "வேணாம் மாமா. கசிஞ்சா அதுவா அணையும். பொறுங்க" என்றார் அண்ணன். ஒவ்வொரு கம்பாக டெஸ்டர் வைத்துப் பார்த்தார். என் கண் டிரிப்பர் இருந்த பெட்டியை விட்டு நகரவில்லை.

அப்போது அதே அக்கா, அதே போலத் தீச்சட்டியோடு வந்தார். வளைவுக்கு முன்னால் நின்றுவிட்டார். மேளமும் நின்றது.

"என்னப்பா, வரலாமா?" என்றார்.

"நான் மொதல்ல வாரேன்க்கா, நீங்க எம் பின்னாலயே வாங்க" என்றார் அண்ணன். கம்பைத் தொட்டுக்கொண்டே வளைவுக்குள் நடந்தார். அக்காவும் நடந்தார். ஒரு பல்பு கண் சிமிட்டவில்லை. ஒவ்வொரு தொங்கலிலிருந்தும் சொட்டிய மழை சிவப்பும் பச்சையும் நீலமுமாக விழுந்தது. அண்ணன் போட்ட சீரியலிலேயே அதுதான் அழகு, அதை அவர் போடவில்லை, மழை போட்டது. விலகி நின்ற கூட்டம் குலவை போட்டுக்கொண்டு உள்ளே வந்துவிட்டது.

அதோடு விட்டிருக்கலாம். அண்ணன் மைக்கை வாங்கி, "இந்த யோசனை என்னுது இல்ல, என் தங்கச்சியோடது" என்று ஊர் முழுக்கக் கேட்கச் சொல்லிவிட்டார். நான் மதினியின் முதுகுக்குப் பின்னால் போய்விட்டேன். "முந்தானைய இழுக்காத, கிழிஞ்சிரும்" என்றார் மதினி.

அதற்குப் பின் எந்த மழைக்கும் எங்கள் ஊர் விளக்கு அணையவில்லை.

போன வருஷம் அண்ணனுக்கு நெஞ்சில் சளி கட்டி, விருதுநகர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. டியூபையே பார்த்துக்கொண்டிருந்தவர் என்னைக் கூப்பிட்டு, "பாத்தியா தாயி, இங்கயும் பாட்டிலக் கவுத்துத்தான் கட்டிருக்காக" என்றார். நர்சம்மாவும் சிரித்துவிட்டார். அதற்கு நாலாம் நாள் அண்ணன் நம்மை விட்டுப் போனார். ஐப்பசி மாதம், அடைமழை.

வாசலில் பந்தல் போட்டு டியூப் லைட் கட்டினார்கள். நான் மதினியின் தோளைப் பிடித்து அழுதுகொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது, லைட் கட்ட வந்த பையன் ஜாயின்டில் பாலித்தீனை இறுக்கிச் சுற்றிக்கொண்டிருந்தது கண்ணில் பட்டது. கீழே ஜனங்கள் நனைந்துகொண்டு நிற்கிறார்கள். பந்தல்கால் இரும்பு. நான் எழுந்தேன். "ஏய்யா, அதை அவுரு. மெயினை அணைச்சிட்டு அவுரு. பாட்டிலக் கவுத்துக் கட்டு, ரெண்டு பக்கமும் வயரத் தொங்கவிடு" என்று சொன்னேன். அத்தனை ஆம்பளைகளும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு நாக்கு ஒட்டவில்லை. கட்டி முடிக்கிறவரை அங்கேயே நின்றேன். அண்ணனைத் தூக்குகிறவரை மழையும் விடவில்லை, விளக்கும் அணையவில்லை.

அண்ணனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன வேன்காரருக்கும், கண் விழித்துப் பார்த்த நர்சம்மாக்களுக்கும், பதினாறு நாளும் மதினிக்குக் கஞ்சி கொண்டுவந்து கொடுத்த தீச்சட்டி அக்காவுக்கும், மழையில் நனைந்துகொண்டே வழியனுப்பிய அத்தனை பேருக்கும், இந்த மலரை அச்சடித்துத் தந்த மருமகனின் கூட்டாளிகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

ஆண்டு நினைவன்று தெருமுனையிலிருந்து வீட்டு வாசல் வரை சீரியல் போடுகிறோம். துக்கத்துக்குச் சீரியலா என்று சிலர் கேட்டார்கள். அண்ணனுக்கு வேறு என்ன போடுவது? மயிலும் மானும் உண்டு. இதுவும் ஐப்பசிதான், மேகம் கருக்கும். யோசிக்காமல் வாருங்கள். ஜாயின்ட் எல்லாம் நான் பார்த்துவிட்டேன்.